ஒரே ஒரு குழந்தை

"நீயெல்லாம் ஒரு தாயா?"

பட்டாசு சிஸ்டர் போட்ட சத்தத்தில், சுகாதார நிலையத்துக்கு வெளியே சீட்டு வாங்க நின்றவர்கள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

பட்டாசு என்பது தாய்மார்கள் வைத்த பெயர். சிஸ்டருக்கும் அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எதிரே ஒரு தாய் நின்றிருந்தாள். அவள் தோளில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. முகத்திலிருந்து வயிறு வரைக்கும் சிவப்புத் தடிப்பு. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. பார்க்கவே பதறியது.

"தட்டம்மை. நிமோனியா ஆயிடுச்சு," என்றார் டாக்டர், ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தபடி. "பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். ஆம்புலன்சைக் கூப்பிடுங்க சிஸ்டர்."

சிஸ்டர் போன் செய்தார். அடுத்த நொடி ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்துக் குழந்தையின் முகத்தில் பொருத்தினார். கை வேலை பார்த்தது. வாயும் சும்மா இல்லை.

"இந்த நோயை ஒழிக்கணும்னு உலகம் பூரா பாடுபடறாங்க. எங்கேயோ தயாரிச்ச மருந்தை ஐஸ்ல வெச்சு, விமானத்துல ஏத்தி, லாரியில ஏத்தி, உன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து தர்றாங்க. அதுவும் இலவசமா! தூக்கிட்டு வந்து ஒரு ஊசி போட்டுக்க உனக்கு அவ்வளவு கசக்குதா?"

"நல்லாக் கேளுங்க சிஸ்டர்," என்றது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

"இதே சினிமான்னா முதல் ஆளா நிப்பாங்க," என்றது இன்னொன்று.

டாக்டர் கொஞ்சம் தணிவாகக் கேட்டார். "ஏம்மா, ஒன்பது மாசத்துலயே போட வேண்டிய ஊசி. ஏன் போடல? யாராவது வேணாம்னு பயமுறுத்தினாங்களா?"

அவள் டாக்டரைப் பார்த்தாள். பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.

"தப்பு என்மேலதான் டாக்டர். மறந்துட்டேன்."

"மறந்துட்டாளாம்!" சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாப்பிட மறப்பியா? தூங்க மறப்பியா? பெத்த பிள்ளை மட்டும் மறந்துடும், இல்ல?"

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சிஸ்டரே குழந்தையைக் கையில் வாங்கி உள்ளே படுக்கவைத்தார். தாயை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தப் போனபோது அவள் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தை பிழைச்சுக்குமா சிஸ்டர்?"

"அங்கே பெரிய டாக்டருங்க இருக்காங்க. பாத்துப்பாங்க. இனிமேலாவது பொறுப்பா இரு."

"நான் மறக்கல சிஸ்டர்."

"என்னது?"

"வேலைக்கு லீவு போட்டுட்டு மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் என்னைத் தவிர யாரும் வரல. 'ஒரு பாட்டில்ல பத்துப் பேருக்கு மருந்து இருக்கு. உன் ஒரு குழந்தைக்காக உடைச்சா மிச்சத்தை யார் தலையில ஊத்தறது? ஆள் சேரட்டும், அப்புறம் வா'ன்னு திருப்பி அனுப்பிட்டீங்க."

சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எவ்வளவு யோசித்தும் அந்த முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனால் வார்த்தைகள்? அச்சு அசலாக அவருடையவை. உடைத்த பாட்டிலை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். ஒரே குழந்தை வந்தாலும் உடைக்கச் சொல்லித்தான் உத்தரவு. மருந்து வீணானால் மேலே கேள்வி கேட்பார்களே என்று பயந்து, எத்தனை பேரிடம் இதே வசனத்தைப் பேசியிருப்பார்! இதில் ஒருத்தி முகம் மட்டும் எப்படி நினைவில் இருக்கும்?

"டாக்டர் கேட்டப்போ... ஏம்மா சொல்லல?" குரல் நமுத்துப் போயிருந்தது.

"சொன்னா உங்களுக்கு என்மேல கோபம் வந்துடுமேன்னு பயந்துட்டேன் சிஸ்டர்." அவள் பிடித்த கையை விடவில்லை. "வீட்ல என் தங்கச்சி குழந்தையும் இருக்கு. பத்து மாசம். நேத்து வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் படுத்துக் கிடந்துச்சுங்க. இன்னிக்கே தங்கச்சிகிட்ட அதைத் தூக்கிட்டு வரச் சொல்றேன். அவளும் தனியாத்தான் வருவா... அந்த ஒரு குழந்தைக்காவது பாட்டிலை உடைப்பீங்களா சிஸ்டர்?"