அவசரமில்லாத குளிர்காலம்

"மெரெட்டே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று டோர்பென் வாயெடுத்தபோது, அவன் மனைவி இன்னொரு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லலாம். முதல்ல கஞ்சியைச் சாப்பிடு. வெண்ணெய் உருகுது பாரு."

பால்கஞ்சி, மேலே சர்க்கரையும் பட்டைப்பொடியும். சாப்பிட்டான்.

அக்டோபரில் ஆரம்பித்த கூத்து இது. கல்யாணமான நாளிலிருந்து காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தவள், ஒருநாள் காலையில் திடீரென்று அறிவித்தாள்: இந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டோடு, ஆற அமர வாழப்போகிறோம்.

விறகு வந்து இறங்கியது. கம்பளிக் காலுறைகள் பின்னப்பட்டன. பொழுது சாய்ந்தால் இருவரின் கைப்பேசிகளும் ரொட்டிக்கூடைக்குள் போயின.

டோர்பென் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். ஆல்போர்க் நகரத்தில் உல்லா என்று ஒருத்தி இருக்கிறாள், இனி அவளோடுதான் வாழப்போகிறேன். சவரம் செய்யும்போது கண்ணாடியிடம் இதை மளமளவென்று சொல்லிவிடுவான்.

மெரெட்டேயிடம் சொல்லத்தான் வழியில்லை. மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் அரசியல் பேசமாட்டோம், வரி பேசமாட்டோம், சண்டையை எடுக்கவே மாட்டோம். கொலைகாரனைக்கூட மன்னித்துவிடுவோம். இதமான ஒரு மாலையைக் கெடுத்தவனை மன்னிக்க மாட்டோம். டோர்பெனின் சித்தப்பா ஒருவர் கிறிஸ்துமஸ் விருந்தில் பாகப்பிரிவினையைப் பற்றி வாயைத் திறந்தார். அன்றோடு அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை என்றாகிவிட்டது.

ஆகவே மெழுகுவர்த்தி அணையட்டும் என்று காத்திருந்தான். அவள் அணையவிட்டால்தானே. ஒன்று தீரும் முன்பே அடுத்ததை ஏற்றினாள். விடிய நேரமாகிறது என்று காலைச் சாப்பாட்டு மேசையிலும் ஒன்று எரிந்தது.

பாட்டுக்குழு ஒத்திகை என்று பொய் சொல்லிவிட்டு வியாழக்கிழமைகளில் உல்லாவைப் பார்க்கப் போவான். இப்போது வியாழக்கிழமைகளில் ஆப்பிள் கேக் வேகத் தொடங்கியது. வாசனையை விட்டு எழுந்து போக எந்த மனிதனுக்குத்தான் மனசு வரும்?

சொல்லிவிட்டாயா, சொல்லிவிட்டாயா என்று உல்லா நச்சரித்தாள். இந்த வாரம், இந்த வாரம் என்றான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். எவ்வளவு பொறுமைசாலி என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கதகதப்பு அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. இடுப்புப் பட்டையில் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான்.

ஆனாலும் இன்று முடிவோடு உட்கார்ந்திருந்தான். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"ஆல்போர்க்ல ஒருத்தி இருக்கா. நான் அவகூடப் போகப்போறேன்."

காது மடல் சிவந்துவிட்டது. செய்த துரோகத்தைவிட, மாலையைக் கெடுத்துவிட்டோமே என்ற கூச்சம்தான் பெரிதாக இருந்தது.

மெரெட்டே கையில் இருந்த பின்னலை நிறுத்தவில்லை. அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உல்லாதானே. அக்டோபர்லயே வீட்டுக்குப் போன் பண்ணினா. நீ குளிச்சிட்டிருந்த. புது வருஷம் வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் என் வழியைப் பார்த்துக்குவேன்னு சொன்னா. நேத்து மறுபடி கூப்பிட்டா. இனிமே உன்னை எதிர்பார்க்கலையாம். மரியாதையான பொண்ணு."

டோர்பெனுக்குக் கண் நிறைந்தது. என்னைப் போகவிடக்கூடாது என்றா இத்தனை பாடும்? விறகு, காலுறை, கேக் எல்லாம்? இப்படி ஒருத்தியை விட்டுவிட்டா போகப் பார்த்தோம் என்று தன்னையே நொந்துகொண்டான்.

மேசைக்கு மேலாக அவள் கையைப் பிடித்தான்.

"நான் எங்கயும் போகல, மெரெட்டே. இங்கயே இருந்துடறேன்."

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் கடிகாரத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவ உனக்குக் கதவைச் சாத்தட்டும்னுதான் இத்தனை நாளும் காத்திருந்தேன். நேத்து அவ போனை வச்சதுமே உன் பெட்டியைக் கட்டி மாடியில வச்சிட்டேன். கடைசி பஸ் ஆறரைக்கு. கொஞ்சம் சீக்கிரம் பாரு."