அப்பா எப்ப வருவார்?

“சட்டை மாட்டக் கத்துக் குடுத்தீங்க, தனியா பஸ் ஏறக் கத்துக் குடுத்தீங்க. இந்த ஒரு கேள்வியைக் கேட்காம இருக்கவும் கத்துக் குடுத்துடுங்க டீச்சர். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!”

அம்மா மூக்கைச் சிந்தினாள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான பயிற்சி மையம் அது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகன் ஆஸ்பத்திரித் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். மீசை வைத்த முப்பத்திரண்டு வயது ஆளுக்கு வீட்டில் பெயர் ‘குட்டி’. கொடுமைதான், என்ன சொல்ல!

“அப்படி என்னம்மா கேட்கிறார்?”

“‘அப்பா எப்ப வருவார்?’னு. சாப்பிட உட்கார்ந்தாலே இதையே கேட்டு உயிரை எடுக்கிறான். அவர் போய்ச் சேர்ந்து ஆறு மாசமாகுது. வெளியூர்ல வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“இன்னும் சொல்லவே இல்லையா?” டீச்சருக்குச் சுருக்கென்றது. “கடைசியா முகத்தையாவது பார்த்தாரா?”

“இல்ல. அன்னிக்கு அவனை அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டேன். அஞ்சு வயசுப் புத்திதான்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரே. குழந்தைக்கு என்ன தெரியும்?”

“அதெல்லாம் அந்தக் காலத்து அளவும்மா. இப்ப அப்படி முடிவு கட்டுறதில்ல. இத்தனை வருஷம் அப்பாவோட வாழ்ந்த மனுஷன். வாய்விட்டு அழக்கூட விடாம பண்ணிட்டீங்களே!”

அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாள். “தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். பெரிய தப்பு. என் வாயால சொல்ல வராது, நீங்களே சொல்லிடுங்க.”

கதவை முழுக்கச் சாத்தாமல் அவள் வெளியே போய் நின்றுகொண்டாள். டீச்சர் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“தம்பி, அப்பாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்குங்க. அப்பா வந்து...”

“செத்துட்டார். தெரியும். அத்தை போன்ல சொல்லி அழுதாங்க, கேட்டேன்.”

டீச்சர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அப்புறம் ஏன் அம்மாகிட்ட தினமும் கேட்கறீங்க?”

“கேட்கலைன்னா எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. பாவம், அம்மா அழுவாங்க.”

“உங்களுக்கு அழுகை வரலையா தம்பி?”

“வரும். குளிக்கிறப்ப அழுதுடுவேன்,” என்றான். “குழாயை நல்லாத் திறந்து விட்டுடுவேன். அம்மாவுக்குக் கேட்காது.”