படத்தில் இல்லாத பக்கம்

"வலது பக்கத்தை ஒரு மாதிரி ஒப்பேத்திடலாம் மேடம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் ரெனாட்டா, துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கும் கடையில் என் கூட்டாளி.

"எனக்குத் தெரியும்" என்றாள் வேலை கொடுக்க வந்த மார்லிஸ். "தெரியாததை வரையாதீங்க. படத்துல இருக்கிற பக்கத்தை மட்டும் பண்ணுங்க. மறுபக்கம் கறுப்பாவே கெடக்கட்டும்."

மேசைமேல் அவளுடைய தம்பியின் மான் வேட்டைத் துப்பாக்கி கிடந்தது. பக்கத்தில் ஒரு புகைப்படம்.

படத்தில் தம்பி லைல் மணல்மூட்டையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். மடியில் பட்டாளத்துத் துப்பாக்கி. அதன் இடது பக்கம் மட்டும் தெரிந்தது. பழுப்பின் மேல் பச்சையாக மீன் செதில் கோலம்.

படம் எடுத்த ஒன்பதாம் நாள் அவன் செத்துப்போனானாம். பதினோரு வருடம் ஆகிறது.

சனிக்கிழமை விடியும்போது மான் வேட்டை தொடங்குகிறது. தம்பி வழக்கமாக உட்காரும் மேட்டில், தம்பியின் துப்பாக்கியோடு, இந்த வருடம் அவள் உட்காரப் போகிறாள். போரில் அவன் கையில் இருந்தது எப்படி இருந்ததோ அப்படியே இதுவும் இருக்க வேண்டும். அதற்காக வடக்கே கோதுமைக் காட்டிலிருந்து ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தாள். அழவில்லை. பேரம் பேசவில்லை.

படிவத்தில் அவள் எழுதிய குடும்பப் பெயரை இரண்டு முறை படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

அமெரிக்காவில், இந்த மொன்டானாவில் எங்கள் பிழைப்பே இதுதான். துப்பாக்கிக்கு மண்ணோடு மண்ணாகிற நிறம், அதைத் தூக்கும் ஆளுக்கு, இன்னொரு வேட்டைக்காரன் சுட்டுவிடாமல் இருக்க, கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சுச் சட்டை. சட்டம் அப்படி. மான் பாவம், எதை நம்பும்?

ஆனால் இந்தக் கோலங்கள் எதையும் வேட்டைக்காரன் கண்டுபிடிக்கவில்லை. பட்டாளத்தில் கொடுப்பது கறுப்புத் துப்பாக்கி. பாலைவனத்தில் கறுப்பு ஒரு கல் தொலைவுக்குத் தெரியும். அதனால் பையன்கள் பெயின்ட் டப்பாவை வாங்கி, அழுக்குத் துணி போடும் வலைப்பையைத் துப்பாக்கிமேல் இழுத்துப் போர்த்தி, அதன்மேல் அடித்தார்கள். வலையை எடுத்தால் செதில் கோலம். குச்சி, இலை, கைக்குக் கிடைத்த எதையும் வைத்து அடித்தார்கள்.

ஊர் திரும்பும்போது எல்லாவற்றையும் சுரண்டி, கறுப்பாக்கி ஒப்படைக்க வேண்டும். உத்தரவு.

லைலின் துப்பாக்கியைக் கழற்றி, எண்ணெய்ப்பிசுக்குப் போகக் கழுவி, வரிசை எண்ணை ஒட்டுநாடாவால் மூடினேன். முதல் தடவை செதில் பெரிதாக விழுந்தது. அழித்தேன். இரண்டாம் தடவை வலை நகர்ந்துவிட்டது. அழித்தேன். மூன்றாம் தடவைக்கு முன்னால் பழுப்பில் கொஞ்சம் பச்சை சேர்த்தேன்.

"படத்துல இவ்வளவு பச்சை இல்லையேப்பா" என்றாள் ரெனாட்டா.

"சாயங்கால வெயில்ல எடுத்தது. நேர்ல பச்சை கூடுதல்."

"ஆமா, இவரு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தாரு!"

அவள் சாப்பிடப் போனாள். இடது பக்கம் முடிந்திருந்தது. சொன்ன வேலை அவ்வளவுதான்.

துப்பாக்கியைத் திருப்பிப் போட்டேன். கறுப்பாக விடச் சொல்லியிருக்கிறாள். சொன்னதை மீறினால் முகத்தில் விட்டெறிந்துவிட்டுப் போகலாம். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. வாசற்கதவில் ரெனாட்டா உலர்ந்த செடிகளால் கட்டி மாட்டியிருந்த அலங்கார வளையத்திலிருந்து ஒன்றைப் பிய்த்து வந்து, கறுப்பின்மேல் வைத்துப் பழுப்பை அடித்தேன்.

பெயின்ட் இறுகச் சூளையில் இரண்டு மணி நேரம் வெந்தது. ரெனாட்டா திரும்பி வந்து, வளையத்தை மொட்டையடித்ததற்குத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மார்லிஸ் வந்தாள். இடது பக்கத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். வலைக் கோலத்தை விரலால் ஒவ்வொரு செதிலாகத் தடவினாள். தலையாட்டினாள்.

பிறகு திருப்பினாள்.

கறுப்பு இல்லை. பழுப்பு. நடுவில், தண்டோடும் மீசையோடும், ஒரே ஒரு கோதுமைக் கதிரின் நிழல், துப்பாக்கிக் குழலை நோக்கிச் சாய்ந்து.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். துப்பாக்கியை மெல்ல மேசையில் வைத்தாள். அதுவரை விறைத்து நின்றவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசிக் கடிதத்துல ஒரு கதிரை வச்சு அனுப்பினேன்" என்றாள். "எங்க வயல்ல விளைஞ்சது. போய்ச் சேர்ந்துச்சான்னே தெரியாது. பதில் வரல. நான் யார்கிட்டயும் சொல்லவும் இல்ல."

நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரெனாட்டாவும் என்னைப் பார்த்தாள். ஏழு வருடம் ஒன்றாக வேலை செய்கிறோம். அவளிடமும் நான் சொன்னதில்லை.

"உங்க தம்பி இருந்த முகாம்ல ஆயுதக் கிடங்கு என் பொறுப்பு" என்றேன். "அவர் துப்பாக்கி மட்டும் திரும்பி வந்துச்சு. சுரண்டிக் கறுப்பாக்கினது நான்தான் மேடம்."

அவள் கை கதிரின்மேலேயே இருந்தது.

"கதிர் இருந்த இந்தப் பக்கத்தைக் கடைசியாத்தான் சுரண்டினேன்."