கறுப்பு ஜன்னல்

லேப்டாப்பில் இடமில்லை என்று மறுபடியும் எச்சரிக்கை வந்ததால், வேறு வழியில்லாமல் அலுவலகத்திலிருந்த கபிலனுக்கு போன் செய்தேன். எனக்கு உதவுவதைக்கூட ஒரு தண்டனையாகச் செய்யத் தெரிந்தவன் என் கணவன். லேப்டாப்பில் திறந்திருந்த வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கட்டளை வரி வந்தது.

“சிஎம்டின்னு டைப் பண்ணு, கறுப்பா ஒரு ஜன்னல் திறக்கும். அதுல இதை பேஸ்ட் பண்ணி என்டர் தட்டு.”

“இது என்னங்க செய்யும்? மவுஸால அழிக்கிற மாதிரி சொல்லுங்களேன். அதுன்னா நிஜமாவே அழிக்கவான்னு ஒரு தடவை கேக்கும்.”

“இடதுன்னா வலதுல அமுக்குவ. ஒவ்வொரு பட்டனா உனக்குச் சொல்லிட்டு இருக்க எனக்கு வேற வேலை இல்லையா? சொன்னதைச் செய்.”

ஒட்டினேன். என்டர் தட்டினேன். கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டியது.

“ஒண்ணுமே வரலையே?”

“ஒண்ணும் வரலன்னா வேலை சரியா முடிஞ்சுதுன்னு அர்த்தம். தப்பாப் போனாத்தான் அது வாயைத் திறக்கும்.”

இப்போது தாராளமாக இடமிருந்தது. அவனுடைய சினிமாக்கள் அப்படியே இருந்தன. ‘சமையல்’ என்ற ஃபோல்டர் மட்டும் இல்லை. குப்பைத் தொட்டியிலும் இல்லை. அதில் நான் சமையல் குறிப்பு எதையும் வைத்திருக்கவில்லை. என்னை அடிக்கும்போதெல்லாம் அவன் கத்தியதைப் பதிவு செய்து, வக்கீலிடம் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்தேன்.

“எதை அழிச்சீங்க?” என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. மூச்சு விடுவது கேட்டது. வேறொன்றும் வரவில்லை.