தப்பான பக்கம் திரும்பும் பம்ப்

"தட்டுதுங்க, டீசல் முன்னாடியே பத்திக்கிட்டு—"

"தட்டவும் இல்ல, முட்டவும் இல்ல! பூ மாதிரி ஓடுது. வந்துட்டா பாம்புச் செவிக்காரி!"

கணவனின் காதோடு வாய் வைத்துத்தான் அவள் கத்துகிறாள். பட்டறையின் தகரக் கூரை அதிர, லாரி என்ஜின் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டுகிறது. டீசல் பற்றும் நேரத்தை, அந்த டைமிங்கை, ஆயுள் முழுக்கக் காதாலேயே பிடித்த மெக்கானிக் அவன்; ஸ்க்ரூடிரைவரின் நுனியை சிலிண்டரில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கண்மூடி நிற்கிறான். இன்னொரு கையால் டீசல் பம்பை மறுபடியும் அதே தப்பான பக்கம் திருப்புகிறான்; தட்டல் கூடக்கூட அவன் முகம் தெளிகிறது. லாரி டிரைவர் அவளைப் பார்க்காமல் வண்டியில் ஏறி என்ஜினை அணைக்கிறார். "வேற பட்டறை பாத்துக்கிறேம்மா." கணவன் முதுகைக் காட்டிக்கொண்டு விரல் விரலாகக் கரியைத் துடைக்கிறான். சூடாறும் இரும்பின் முனகல்கூட அவளுக்குக் கேட்கிறது.

"என்னங்க, காது போயிடுச்சுன்னு எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"