விதைக்கு நிறுத்தியது

பெண்ணோடு தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தமிழ்மாறன் கேட்டதும், கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

பூலாம்பாடியில் இதெல்லாம் இப்போது சகஜம்தான். பெண்ணின் அப்பாவே கொல்லைப்பக்கம் கை காட்டினார்.

அறுத்த வெங்காயத்தைச் சேமித்து வைத்திருந்த பட்டறை ஓரமாகச் சண்முகப்பிரியா நின்றிருந்தாள். பெரம்பலூரில் ஏதோ ஆஸ்பத்திரி வேலை என்பதற்கு மேல் அவளைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

கீழப்பழுவூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த சொந்தங்களுக்கு ஏக சந்தோஷம். ஜோசியர் பொருத்தம் பிரமாதம் என்று சொன்னதோடு விடாமல், புத்திர பாக்கியத்துக்கு நான் பொறுப்பு என்று அடித்துச் சொல்லியிருந்தார். தமிழ்மாறனை உறுத்தியதே அதுதான்.

ஏற்கெனவே இரண்டு இடத்தில் உண்மையைச் சொல்லி, இரண்டும் கைவிட்டுப் போயின. இந்த முறை வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா வேனிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். கொல்லைக்கு வருவதற்குள் அந்தச் சத்தியம் காலாவதியாகிவிட்டது. மறைத்துத் தாலி கட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

கல்லூரிக் கடைசி வருஷத்தில் ரத்தப் புற்றுநோய் வந்ததைச் சொன்னான். மருந்து ஏற்றியதில் தலைமுடி போய்த் திரும்ப முளைத்ததையும் சொன்னான். திரும்பி வராதது ஒன்று உண்டு என்றான்.

டாக்டர் சொன்னதைத் தனக்குப் புரிந்த விதத்தில், பட்டறையைக் காட்டியே விளக்கினான். ஆணுக்கு ஆயுசுக்கும் விந்தணு உற்பத்தியாவது தாய் செல்களால்தான். அவை பிரியும்போது ஒரு பங்கு விந்தணுவாகப் போகும். இன்னொரு பங்கு விதை வெங்காயம் மாதிரி தாயாகவே நிற்கும். விதைக்கு நிறுத்தியது இருக்கிறவரை விளைச்சலுக்குக் குறைவில்லை.

அவனுக்கு ஏற்றிய மருந்து விதையிலேயே கை வைத்துவிட்டது. எங்காவது நாலைந்து தப்பியிருந்தால், வருஷங்கள் கழித்துக்கூடப் பெருகி மறுபடி ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்காமலும் போகலாம். போன மாதம் பெரம்பலூர் லேப்பில் எடுத்த சோதனை வரைக்கும் பூஜ்யம்.

சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. இந்த இடமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டான். முந்தைய இரண்டையும்விட இது ஏனோ அதிகமாக வலித்தது.

சண்முகப்பிரியா முகத்தில் அதிர்ச்சி ஒன்றும் காணோம். புடவையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டாள்.

“தெரியுங்க. அந்த லேப்புல உங்க சாம்பிளப் பாத்ததே நான்தான்.”

அன்று லேப்பில் மாஸ்க்குக்கு மேலே பார்த்த அந்தக் கண்களை அவன் அப்போதுதான் அடையாளம் கண்டான். எல்லாம் தெரிந்துமா இத்தனை பேரை வேன் வைத்து வரவிட்டாள்?

“ஒண்ணுமே இல்லன்னு சொன்னா சில பேரு என்னையத் திட்டுவாங்க, சில பேரு கூட வந்த பொண்டாட்டிய மொறைப்பாங்க. அடுத்த டெஸ்டுக்கு எப்ப வரட்டுங்கன்னு கேட்டது நீங்க ஒருத்தருதான்.”