ஈசிஜி தாளில் சில கட்டங்கள்

மார்ச் 14, செவ்வாய், காலை பத்தேகால். குழந்தைகள் இதயப் பிரிவு, ஈசிஜி அறை. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நிற்க, ஏழு வயது மகள் மார்பில் ஒயர்களோடு நெளிகிறாள். "கூசுது மாமா!" "நீ சிரிச்சா கோடும் சேர்ந்து சிரிக்கும். கொஞ்சம் கல்லு மாதிரி படுத்துக்கோ, கண்ணு," என்கிறார் டெக்னீஷியன். ஜன்னல் வெயிலில் தாள் சரசரவென்று நீள்கிறது. டாக்டரம்மா ஸ்கேலை வைத்துக் கட்டங்களை எண்ணுகிறார், மறுபடியும் எண்ணுகிறார். "ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் திரும்பத் தயாராக இவ இதயம் ரொம்ப நேரம் எடுத்துக்குது. பெத்தவங்ககிட்ட இருந்து வர்றது. தண்ணியில குதிச்சாகூடத் தாளம் தப்பிடலாம்." அப்பா தாளை நோக்கிக் குனிகிறார். இரண்டு வருடத்துக்கு முன் மூத்த மகன் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தபோது கரையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசுவதில்லை. "பெரியவன் நல்லா நீந்துவான் டாக்டர்... அவனுக்கும் இதுதானா?" என்கிறார் அப்பா. "இருந்திருக்கலாம். இனி உறுதியாச் சொல்ல வழியில்லைங்க. உங்க ரெண்டு பேருக்கும் எடுத்துப் பார்க்கணும்." மனைவி மகளின் மார்பிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்; பசை எப்போதோ போய்விட்டது. "நீங்க முதல்ல படுங்க," என்கிறாள், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றுகிறார். பதினோரு மணிக்கு இரண்டு தாள்களும் மேசையில் இருக்கின்றன. அப்பாவின் கோட்டில் குறை எதுவும் இல்லை. அம்மாவின் கோட்டில் துடிப்புக்குப் பின்னான இடைவெளி, மகளுடையதைப் போலவே, நீண்டிருக்கிறது.